பாரிஸிலிருந்து ரோமுக்கு ரெண்டு மணி நேரம்தானா? ஐரோப்பிய நகரங்களுக்கு நடுவே தூரமும் நேரமும் கணக்குப் போடும் முறை

பிப்ரவரி வந்தால் போதும், எங்கள் அபார்ட்மென்ட் தமிழ் குரூப்பில் ஏப்ரல்-மே லீவுக்கு ஐரோப்பா போகிறவர்களின் பிளான்கள் ஒவ்வொன்றாக வந்து விழ ஆரம்பித்துவிடும், "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்ற ஒரு வரியோடு. பெரும்பாலும் எக்செல் ஷீட். அதில் ஒரு நாளுக்கு நேராகக் காலை லூவர் மியூசியம், மதியம் பாரிஸ்-ரோம் ஃபிளைட் (2 மணி நேரம்), மாலை கொலோசியம் என்று போட்டிருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, நடக்காது.

அந்த 2 மணி நேரம் பொய் இல்லை. தேடிப் பார்த்தால் பாரிஸ்-ரோம் 1,100 கி.மீ. சொச்சம், விமானத்தில் ரெண்டு மணி அஞ்சு நிமிடம் என்றுதான் வரும். ஆனால் அது விமானத்துக்கான கணக்கு, பெட்டியும் குழந்தையுமாகக் கிளம்புகிற நமக்கானது இல்லை. பெங்களூரில் குடியிருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: சென்னைக்கு ஃபிளைட் ஒரு மணி நேரம், ஆனால் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டைத் தாண்டி தேவனஹள்ளி ஏர்போர்ட் போய்ச் சேரவே ரெண்டு மணி நேரம் ஆகும். உள்ளூரில் அத்துப்படியான இந்தக் கணக்கு ஐரோப்பா என்றதும் எல்லோருக்கும் எப்படியோ மறந்துவிடுகிறது.

அதனால் எந்த ரெண்டு நகரத்தை எடுத்தாலும் நான் நாலு விஷயத்தைத் தனித்தனியாகப் பார்ப்பேன். நேர்கோட்டுத் தூரம், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம், ரெண்டு ஊர்க் கடிகாரங்களுக்கு உள்ள வித்தியாசம், கடைசியாக ஹோட்டல் வாசலிலிருந்து ஹோட்டல் வாசலுக்கு ஆகும் நேரம். முதல் மூன்றும் எளிது. பிளான் கெட்டுப்போவது நாலாவதில்தான்.

தூரம்

நேர்கோட்டுத் தூரம் என்று நான் சொல்வது ரோடு தூரம் இல்லை, பூமி உருண்டையின் மேல் ரெண்டு புள்ளிக்கு நடுவே இருக்கும் மிகக் குறுகிய வளைகோடு. கூகுள் மேப்ஸில் ஒரு ஊர் மேல் ரைட் கிளிக் செய்து தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, இன்னொரு ஊர் மேல் கிளிக் செய்தால் அந்தத் தூரம் வந்துவிடும். கிரேட் சர்க்கிள் மேப்பர் என்று ஒரு தளம் ரொம்ப வருஷமாக இருக்கிறது, ரெண்டு ஏர்போர்ட்டின் மூன்றெழுத்துக் குறியீடுகளை நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டுக் கொடுத்தால் தூரத்தையும் சொல்லிப் படமும் வரைந்து காட்டும். ஊருக்கு ஊர் அளப்பதைவிட ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் அளப்பது சரி. ஏன் என்று கீழே வருகிறது.

கையாலேயே போட்டுப் பார்க்க ஆசை இருந்தால் அதுவும் கஷ்டமில்லை. அட்சரேகையில் ஒரு டிகிரி எங்கே போனாலும் ஏறக்குறைய 111 கி.மீ. தீர்க்கரேகை அப்படி இல்லை, வடக்கே போகப் போகச் சுருங்கும்: 40 டிகிரி அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு 85 கி.மீ., 45-ல் 79, 50-ல் 71 அல்லது 72, ஹெல்சின்கி இருக்கும் 60-ல் வெறும் 56. பாரிஸ் 48.86 வடக்கு, 2.35 கிழக்கு. ரோம் 41.90 வடக்கு, 12.50 கிழக்கு. அட்சரேகை வித்தியாசம் 6.96, அதை 111-ஆல் பெருக்கினால் சுமார் 773 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 10.15, நடு அட்சரேகை 45-ஐ ஒட்டி வருவதால் 78-ஆல் பெருக்கினால் சுமார் 792. ரெண்டையும் வர்க்கம் போட்டுக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1,107 கி.மீ. கம்ப்யூட்டர் சொல்லும் விடைக்கும் இதற்கும் சில கிலோமீட்டர்தான் வித்தியாசம். பத்தாவது படிக்கிற பையன் வீட்டில் இருந்தால் அவனிடம் கொடுங்கள், பிதாகரஸ் தேற்றம் எதற்கு என்று கேட்பதை நிறுத்துவான். லிஸ்பன்-ஹெல்சின்கி (3,360 கி.மீ. வாக்கில்) மாதிரி ஐரோப்பாவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகிற தூரங்களுக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி கொஞ்சம் தள்ளிப்போகும், அதற்குத் தளத்தையே பார்த்துக்கொள்ளலாம்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம்

ஏ320, போயிங் 737 மாதிரி விமானங்கள் உயரே போனபின் மணிக்கு 800-லிருந்து 850 கி.மீ. வேகத்தில் பறக்கும். அப்படியானால் தூரத்தை 800-ஆல் வகுத்தால் போதுமா என்றால் போதாது. ஏர்லைன்காரர்கள் டிக்கெட்டில் போடும் நேரம், விமானம் கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து இறங்கும் ஊரின் கேட்டில் வந்து நிற்கும்வரை. நடுவே டாக்ஸி இருக்கிறது (ஓலா இல்லை, ரன்வேக்கு உருண்டு போவது), வரிசையில் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் 2003-ல் திறந்த போல்டர்பான் என்ற ரன்வே டெர்மினலிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிறது. அதில் இறங்கினால் சக்கரம் தரையைத் தொட்டபிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் வயலையும் ரோட்டுப் பாலத்தையும் பார்த்துக்கொண்டு உருண்டுகொண்டே இருக்கலாம், பக்கத்து சீட்டு ஆள் எழுந்து பெட்டியை எடுத்து, ஏர்ஹோஸ்டஸ் திட்டி, திரும்ப உட்கார்ந்துவிடுவார்.

அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, அதோடு 40 நிமிடம் கூட்டுங்கள். பாரிஸ்-ரோம்: 1,107-ஐ 800-ஆல் வகுத்தால் 83 நிமிடம், 40 சேர்த்தால் 2 மணி 3 நிமிடம். ரோம்-ஏதென்ஸ் 1,050 கி.மீ., ரெண்டு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறது. வியன்னா-சூரிக் 590, ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் கம்மி. டிக்கெட் தளத்தில் பார்க்கும் நேரத்தோடு அஞ்சு பத்து நிமிடம்தான் முன்னே பின்னே இருக்கும்.

லண்டன்-பாரிஸ் மாதிரி 350 கி.மீ. தூரத்துக்கு மட்டும் இது கொஞ்சம் காலை வாரும், அங்கே 40-க்குப் பதில் 50 கூட்டுங்கள். 35,000 அடியிலிருந்து கீழே இறங்கவே சுமார் 200 கி.மீ. வேண்டும், அவ்வளவு உயரத்துக்கு ஏற முடியாமலே அந்த விமானம் இறங்க ஆரம்பித்துவிடும், முழு வேகம் எடுக்க இடமே இல்லை. கூடவே லண்டனின் ஹீத்ரோ ஏர்போர்ட்டில் எந்நேரமும் நெரிசல்.

காற்றையும் சொல்லிவிடுகிறேன். மேலே பலமான காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால் லிஸ்பனிலிருந்து ஹெல்சின்கி போவதைவிடத் திரும்பி வருவது கூட நேரம் எடுக்கும், குளிர்காலத்தில் வித்தியாசம் இன்னும் தெரியும். ரெண்டு மணி நேர ஃபிளைட்டில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரு குறிப்பிட்ட ஃபிளைட் நிஜத்தில் எப்போது போய்ச் சேருகிறது என்று தெரிய வேண்டுமானால் ஃபிளைட்ரேடார்24-ல் அதன் நம்பரைப் போட்டுக் கடந்த சில நாள் வரலாற்றைப் பாருங்கள். தினமும் ராத்திரி ஒன்பது மணி ஃபிளைட் பத்துக்குத்தான் கிளம்புகிறது என்றால் அது உங்களுக்கு மட்டும் ஏன் ஒன்பதுக்குக் கிளம்பப் போகிறது.

கடிகாரம்

குரூப்பில் எல்லா வருஷமும் ஒருவராவது கேட்பது: "மாட்ரிட்ல பத்து மணிக்குக் கிளம்பி லிஸ்பன்ல பத்து இருபதுக்கு இறங்குதே, இருபது நிமிஷத்துல போயிடுமா?" போகாது. 500 கி.மீ. சொச்சம், ஒரு மணி இருபது நிமிடம் பறக்கிறது, போர்ச்சுகல் கடிகாரம் ஸ்பெயினைவிட ஒரு மணி நேரம் பின்னால். திரும்பி வரும்போது அதே பயணம் ரெண்டே கால் மணி நேரம் மாதிரித் தெரியும்.

குழப்பம் வந்தால் ரெண்டு பக்கத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். கோடையில் பாரிஸ், ரோம், மாட்ரிட், பெர்லின், வியன்னா எல்லாம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், லண்டனும் லிஸ்பனும் நாலரை, ஏதென்ஸும் ஹெல்சின்கியும் ரெண்டரை. குளிர்காலத்தில் ஒவ்வொன்றோடும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இஸ்தான்புல் மட்டும் 2016-லிருந்து கடிகாரத்தை மாற்றுவதே இல்லை, வருஷம் முழுக்க ரெண்டரைதான். மாட்ரிட் பத்து மணி என்றால் நமக்கு மதியம் ஒன்றரை, ஒரு மணி இருபது கூட்டினால் ரெண்டு ஐம்பது, அதிலிருந்து நாலரை கழித்தால் லிஸ்பனில் காலை பத்து இருபது. யூகே ஷிஃப்ட் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு இந்தக் கழித்தல் தூக்கத்திலும் வரும்.

கடிகாரம் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். தசரா லீவை ஒட்டி அக்டோபரில் போகிறவர்கள் அந்த ஞாயிறு பயணத்துக்குள் விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அக்டோபரில் ஒரு மணி நேரத் தூக்கம் கூடக் கிடைக்கும், மார்ச்சில் அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். மார்ச் ஞாயிறு காலை ஆறு மணி ஃபிளைட்டுக்கு புக் செய்திருந்தால் போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், ஹோட்டல் அறையில் மேஜை மேல் இருக்கும் கடிகாரம் மாற்றாது.

வாசலிலிருந்து வாசலுக்கு

சரி, இப்போது அந்த லூவர்-கொலோசியம் நாளை எடுத்துக்கொள்வோம். பாரிஸ் நடுவில் ஹோட்டல். பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்து, ஆர்இஆர் பி ரயிலைப் பிடித்து, சார்ல் த கோல் ஏர்போர்ட் போய், சரியான டெர்மினலைக் கண்டுபிடிக்க ஒன்றேகால் மணி நேரம். ஏர்போர்ட்டில் ரெண்டு மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். ஃபிளைட் ரெண்டு மணி அஞ்சு நிமிடம். ரோமின் ஃபியூமிச்சினோ ஏர்போர்ட்டில் இறங்கி நடந்து, பெல்ட்டில் பெட்டி வரும்வரை நின்று, வெளியே வர நாற்பது நிமிடம். லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் டெர்மினி ஸ்டேஷனுக்கு 32 நிமிடம், அதற்குக் காத்திருக்க ஒரு பத்து நிமிடம், அங்கிருந்து ஹோட்டலுக்கு இருபது. கூட்டிப் பாருங்கள், ஏழு மணி நேரம். காலை பத்துக்குப் பாரிஸில் செக் அவுட் செய்தால் ரோமில் அறைக்குள் நுழையும்போது மாலை அஞ்சு. அன்றைக்கு லூவரும் இல்லை கொலோசியமும் இல்லை, சாயங்காலம் ஒரு நடை போய் ஜெலாட்டோ சாப்பிடலாம்.

எனவே டிக்கெட்டில் உள்ள நேரத்தோடு, கையில் பை மட்டும் என்றால் நாலு மணி நேரம், செக் இன் பெட்டியோ குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் அஞ்சு மணி நேரம் கூட்டுங்கள். கவனித்தால் தெரியும், பெட்டியோடு போனால் ஒரு மணி நேர ஃபிளைட்டுக்கு மொத்தம் ஆறு மணி, ரெண்டு மணி நேர ஃபிளைட்டுக்கு ஏழு. பறக்கும் நேரம் ரெண்டு மடங்கானாலும் நாள் ஒரு மணி நேரம்தான் கூடக் கரைகிறது. அதனால்தான் பக்கத்து பக்கத்து ஊராக நாலு ஊருக்குத் தாவித் தாவிப் பறக்கும் பிளான்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஒவ்வொரு தாவலும் பாதி நாளைச் சாப்பிட்டுவிடும்.

இந்தக் கணக்கும் பொய்யாகிற இடம் மலிவு விமானங்களின் ஏர்போர்ட். டிக்கெட்டில் பாரிஸ் போவே என்று இருந்தால் அது பாரிஸிலிருந்து 85 கி.மீ. தள்ளி, பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். காஞ்சிபுரத்தில் இறக்கிவிட்டு சென்னை வந்தாச்சு என்று சொல்கிற கதைதான். ஃபிராங்க்ஃபர்ட் ஹான் இன்னும் மோசம், 120 கி.மீ. பார்சிலோனா என்று ஜிரோனாவிலும், ஸ்டாக்ஹோம் என்று ஸ்காவ்ஸ்டாவிலும், மிலன் என்று பெர்காமோவிலும் இறங்குகிறவர்கள் உண்டு. பெர்காமோ பரவாயில்லை, 50 கி.மீ.தான், அந்த ஊரே அழகு. பத்து யூரோவுக்கு டிக்கெட் கிடைத்தது என்று சந்தோஷப்படும் முன்னால் ஏர்போர்ட் பெயரை மேப்பில் போட்டு, ஊர் நடுவுக்கு எத்தனை மணி நேரம், ராத்திரி கடைசி பஸ் எத்தனைக்கு, நாலு பேருக்கு எவ்வளவு என்று பாருங்கள். அதோடு இந்த ஏர்லைன்களில் ஆன்லைனில் செக் இன் செய்யாமல் போனால் கவுன்டரில் தனியாகக் காசு பிடுங்குவார்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசாவைப் பார்க்க வேண்டும் என்று வரிசையில் நிற்க வைப்பதும் உண்டு, அதற்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ரயிலா விமானமா

நேர்கோட்டுத் தூரம் 500 கி.மீ.க்குள் இருந்தால் டிக்கெட் போடும் முன் ரயிலைப் பாருங்கள். லண்டன்-பாரிஸ் யூரோஸ்டார் ரெண்டு மணி இருபது நிமிடம் வாக்கில், ஊர் நடுவில் ஏறி ஊர் நடுவில் இறங்கலாம். ஒன்றேகால் மணி நேரம் முன்னால் போய் இமிகிரேஷன் முடிக்க வேண்டும், அப்படியும் விமானத்தைவிட சீக்கிரம் போய்விடலாம் (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வழி செய்யும் ஷெங்கன் ஏற்பாட்டில் பிரிட்டன் இல்லை, ரெண்டு விசா வேண்டும் என்பது தனிக் கதை). மாட்ரிட்-பார்சிலோனா அதிவேக ரயிலில் ரெண்டரை மணி, ஏறும் முன் பெட்டியை ஸ்கேன் செய்வார்கள், அரை மணி முன்னால் போனால் போதும். ரோம்-மிலன் மூன்று மணி. பெர்லின்-மியூனிக் 2017 டிசம்பரில் புது லைன் முழுதாகத் திறந்ததிலிருந்து வேகமான ரயிலில் நாலு மணி நேரத்துக்குள். பிரான்ஸில் ரெண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய உள்நாட்டு ரூட்டுகளில் விமானத்தையே 2023-ல் தடை செய்துவிட்டார்கள், பாரிஸின் ஓர்லி ஏர்போர்ட்டிலிருந்து லியோன், நான்ட், போர்டோ ரூட்டுகள் அப்படிப் போனவைதான்.

ஆனால் தூரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. வியன்னா-சூரிக் 590 கி.மீ.தான், மாட்ரிட்-பார்சிலோனாவைவிடக் கொஞ்சம்தான் கூட, ஆனால் ரயிலில் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். நடுவில் ஆல்ப்ஸ் படுத்திருக்கிறது, இன்ஸ்பிரக், ஆர்ல்பெர்க் வழியாக வளைந்து வளைந்துதான் போகணும். அவசரம் என்றால் பறந்துவிடுங்கள். ரிட்டயர் ஆன மாமா மாமி போகிறார்கள் என்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன், சப்பாத்தியைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்த எட்டு மணி நேரமே ஒரு டூர். பாரிஸ்-பார்சிலோனா இன்னொரு இழுபறி: 830 கி.மீ., ரயில் ஆறே முக்கால் மணி, விமானம் எல்லாம் சேர்த்து ஆறு ஆறரை. விலை எது கம்மியோ அது.

டிக்கெட் போடும்போது

பாரிஸில் இறங்கி ரோமில் பயணம் முடிகிறது என்றால் திரும்பப் பாரிஸுக்கு வராதீர்கள். புக்கிங் தளத்தில் மல்டி சிட்டி என்று இருப்பதை எடுத்து, பெங்களூரிலிருந்து பாரிஸ், ரோமிலிருந்து பெங்களூர் என்று ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். விலை பெரும்பாலும் போக வர டிக்கெட்டைச் சுற்றியே இருக்கும், ஒரு முழு நாள் மிச்சம்.

பெங்களூரிலிருந்து பாரிஸ் போய் அதே நாளில் வேறு ஊருக்கு மாறுகிறீர்கள் என்றால் இமிகிரேஷன் நடப்பது பாரிஸில். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப் படமும் எடுக்கும் புது முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள், வரிசை எப்படி இருக்கும் என்று நம்பிச் சொல்ல முடியாது. ஒரே டிக்கெட்டில் மாறினால் முதல் ஃபிளைட் லேட் ஆனாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக வாங்கி ஒட்டுப் போட்டால் பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுப்பதிலிருந்து எல்லாம் உங்கள் தலையில். அப்படித்தான் போவேன் என்றால் நடுவில் நாலு மணி நேரமாவது விடுங்கள், அல்லது அன்றைக்கு அங்கேயே தங்கிவிடுங்கள்.

தூரம் காசாகவும் மாறும். 261/2004 என்ற ஐரோப்பிய விதிப்படி, ஐரோப்பாவுக்குள் ஃபிளைட் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்து தப்பு ஏர்லைன் பக்கம் இருந்தால், 1,500 கி.மீ. வரை 250 யூரோ, அதற்கு மேல் 400 யூரோ நஷ்டஈடு. புயல், பனி, ஏர் டிராஃபிக் கன்ட்ரோல்காரர்கள் வேலைநிறுத்தம் என்றால் கிடையாது. இந்திய பாஸ்போர்ட் என்பதெல்லாம் தடையில்லை. இதற்கும் அதே வளைகோட்டுத் தூரம்தான் அளவு. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போன மூன்று பயணிகள், சுற்றிப் போன 1,656 கி.மீ.யைக் கணக்கில் வைத்து 400 கேட்டார்கள், ஐரோப்பிய நீதிமன்றம் 2017-ல் ரோம்-ஹாம்பர்க் நேர்த்தூரம் 1,326 கி.மீ., 250 தான் என்று சொல்லிவிட்டது. பாரிஸ்-ரோமுக்கும் 250, லிஸ்பன்-ஹெல்சின்கிக்கு 400, தலைக்கு. நாலு பேர் குடும்பம் என்றால் சின்னத் தொகை இல்லை. போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள், விமானத்தின் கதவு திறந்த நேரத்தைப் போனில் ஒரு படமாக எடுத்து வையுங்கள் (சேர்ந்த நேரம் என்பது சட்டப்படி அதுதான், சக்கரம் தரையைத் தொட்ட நேரம் இல்லை), ஊர் திரும்பியதும் ஏர்லைனின் தளத்திலேயே நேராக கிளெய்ம் போடுங்கள். நடுவில் வாங்கித் தருகிறோம் என்று வரும் ஏஜென்சிகள் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள், ஏர்லைன் மறுத்த பிறகு வேண்டுமானால் அவர்களிடம் போகலாம்.